நோட்டில் இல்லாத தேவைகளை எப்படிக் கேட்டு வாங்குவது?

கேள்வி: பெருங்குடியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் பிசினஸ் அனலிஸ்ட்டாக, அதாவது வாடிக்கையாளருக்கு மென்பொருள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டு எழுதுபவளாக இருக்கிறேன். இரண்டு வருஷம் டெஸ்டிங்கில் இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். மேற்கு மாம்பலத்தில் கல்யாண சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர் ஒருவருக்கு மென்பொருள் செய்கிறோம். ஐந்து முறை நேரில் போய்ப் பேசி 40 தேவைகள் எழுதினேன். எல்லாமே அவர்களுடைய நோட்டிலும் எக்செல்லிலும் ஏற்கெனவே இருப்பவைதான். "நோட்டுல இருக்கறத அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடுங்கம்மா, போதும்" என்கிறார் முதலாளி. என் மேனேஜரோ, "கிரியேட்டிவா யோசிக்க வை, ஒரு பிரெய்ன்ஸ்டார்மிங் நடத்து" என்றார். எல்லோரும் கூடி, தோன்றுகிற யோசனைகளைச் சொல்லும் அந்தக் கூட்டத்தை ஒரு மணி நேரம் நடத்தினேன். முதலாளியும் அவர் மகனும் மட்டும் பேசினார்கள். சமையல் மாஸ்டர் வாயே திறக்கவில்லை. ஒன்பது யோசனைகள் வந்தன, அதில் மூன்று "ஏ.ஐ. வேணும்". இந்த உத்திகள் தேவை சேகரிக்க உண்மையிலேயே உதவுமா? தப்பு என்னிடமா?

பதில்: உதவும். தப்பு உங்களிடம் இல்லை, நடத்திய முறையில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய முடியும்.

நேரில் உட்கார்ந்து கேட்டால், ஒருவருக்குத் தெரிந்ததும் அந்த நேரத்தில் ஞாபகம் வந்ததும் மட்டுமே கிடைக்கும். ஜப்பானியப் பேராசிரியர் நோரியாகி கானோ 1984-இல் முன்வைத்த பகுப்பு இங்கே பொருந்தும். சில அம்சங்கள் இருந்தே ஆகவேண்டும். இருந்தால் யாரும் பாராட்டுவதில்லை, இல்லாவிட்டால் சண்டை. சில அம்சங்கள் கூடக் கூடத் திருப்தியும் கூடும். இன்னும் சில, கேட்கவே தோன்றாதவை. கிடைத்த பிறகு, இது இல்லாமல் எப்படிச் சமாளித்தோம் என்று நினைக்க வைப்பவை. நீங்கள் எழுதிய 40-இல் பெரும்பாலானவை இரண்டாவது வகையாக இருக்கும். முதல் வகையை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், அவர்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. கூடவே இருந்து பார்த்தால்தான் தெரியும். மூன்றாவது வகையைச் சொல்ல அவர்களாலேயே முடியாது. பிரெய்ன்ஸ்டார்மிங் போன்ற, புதிதாக யோசிக்க வைக்கும் படைப்பு உத்திகள் அதற்குத்தான்.

ஆகவே முதலில் ஒரு கல்யாணத்தை முழுதாகப் பாருங்கள். முந்தின நாள் மதியம் மளிகை அளந்து கொடுப்பதில் தொடங்கி, பாத்திர வண்டி மண்டபத்துக்குப் போவது, ராத்திரி ரிசப்ஷன் சாப்பாடு, விடியற்காலை டிபன், முகூர்த்தச் சாப்பாட்டின் கடைசிப் பந்தி, அண்டாவும் கரண்டியும் எண்ணித் திரும்ப ஏற்றுவது வரை. கேள்வி கேட்காதீர்கள். யார் யாரிடம் என்ன கேட்டார், பதில் கிடைக்க எவ்வளவு நேரம் ஆனது, பதில் வராதபோது என்ன செய்தார், இந்த மூன்றை மட்டும் நேரம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "எத்தனை இலை விழுந்துச்சு?", அதாவது எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற ஒரு கேள்வி அந்த நாளில் எத்தனை தடவை, எத்தனை வாயிலிருந்து வருகிறது என்று எண்ணினாலே, அடுத்து நீங்கள் நடத்தப்போகும் வொர்க்‌ஷாப்புக்குப் பாதிப் பொருள் கிடைத்துவிடும்.

வந்த பிறகு ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மாற்ற முடியாதவை, மறுபக்கம் வழக்கத்தால் வந்தவை என்று எழுதுங்கள். சமைத்த சாம்பாரைச் சில மணி நேரத்துக்குள் பரிமாறியாக வேண்டும், இது இயற்கை. விழுந்த இலையை இரு தரப்பும் சேர்ந்து எண்ண வேண்டும், இது ஒப்பந்தம். ஆனால் மளிகை லிஸ்ட்டை மாஸ்டர் வாயால் சொல்ல, கணக்குப்பிள்ளை எழுத வேண்டும் என்பது வெறும் பழக்கம். இந்தப் பிரிவினை இல்லாமல் கூட்டத்துக்குப் போனால் வருகிற யோசனைகள் ஒன்று நடக்காதவையாக இருக்கும், அல்லது பழைய நோட்டாகவே இருக்கும்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். ஆடியும் மார்கழியும் இந்தத் தொழிலில் மூச்சு விடும் மாதங்கள். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் பஞ்சாங்கத்தைப் பார்த்து, முன்னும் பின்னும் முகூர்த்தம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையைப் பிடியுங்கள். காலை பத்தரை முதல் ஒரு மணி வரை, நடுவில் ஒரு காபி. அதற்கு மேல் யாருக்கும் பொறுமை இருக்காது.

ஆறு பேர் போதும்: முதலாளி, சமையல் மாஸ்டர், சப்ளை சூப்பர்வைசர், ஸ்டோர் பார்ப்பவர், கணக்குப்பிள்ளை, இவர்களோடு வெளியாள் ஒருவர். அந்த வெளியாள் ஒரு மண்டப மேனேஜராகவோ, சமீபத்தில் மகள் கல்யாணத்தை இவர்களிடம் கொடுத்த ஒரு அப்பாவாகவோ இருக்கலாம். அவரை விட்டுவிடாதீர்கள். உள்ளே இருப்பவர்களுக்குப் பழகிப்போன அவஸ்தை அவருக்குத்தான் அவஸ்தையாகத் தெரியும். உங்கள் பக்கம் இருவர் தேவை. நடத்துபவரே குறிப்பும் எடுத்தால் இரண்டும் கெடும். முதலாளியின் மகனை உங்கள் பக்கம் நேரம் பார்ப்பவராக வைத்துக்கொள்ளலாம். மரியாதையும் குறையாது, பேச்சும் அவரிடம் போகாது.

இனி, அன்று மாஸ்டர் ஏன் பேசவில்லை என்பதைப் பார்ப்போம். பிரெய்ன்ஸ்டார்மிங்கை முறையாக வகுத்தவர் அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன். அவர் சொன்ன விதிகள் நான்கு: விமர்சனம் கூடாது, விசித்திரமான யோசனையும் வரட்டும், எண்ணிக்கை பெருகட்டும், பிறர் யோசனையின் மேல் கட்டுங்கள். விதிகளில் குறையில்லை. ஆனால் வாயால் பேசும் கூட்டத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசமுடியும். மற்றவர்கள் காத்திருக்கும்போதே தங்களுக்குத் தோன்றியதை மறக்கிறார்கள், அல்லது இதைப் போய்ச் சொல்வானேன் என்று விழுங்கிவிடுகிறார்கள். டீல், ஸ்ட்ரோபே என்ற இரு ஆய்வாளர்கள் 1987-இல் இதைச் சோதித்தார்கள். கூடிப் பேசிய குழுவைவிட, தனித்தனியே எழுதிப் பிறகு சேர்த்தவர்களிடம் அதிக யோசனைகள் வந்தன; முக்கியக் காரணம் இந்தக் காத்திருப்புதான். நம் ஊரில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சம்பளம் கொடுப்பவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, அவர் சொன்னதை மறுத்து, அல்லது அவருக்குத் தெரியாத ஒரு கோளாறைச் சொல்லி, எந்த மாஸ்டரும் பேசமாட்டார். அது பயம் மட்டுமில்லை, பண்பும்கூட. அவரைப் பேச வைக்க முயலாதீர்கள். எழுத வையுங்கள்.

ஜெர்மானியர் பெர்ண்ட் ரோர்பாக் 1968-இல் கொடுத்த 6-3-5 முறை இதற்குத் தோதானது. ஆறு பேர், ஆளுக்கு ஒரு தாள், ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனைகள். மணி அடித்ததும் தாள் வலப்பக்கத்து ஆளுக்குப் போகும். அவர் மேலே இருப்பதைப் படித்து, அதை நீட்டியோ மாற்றியோ மூன்று எழுதுவார். ஆறு சுற்று முடிந்தால் அரை மணி நேரத்தில் 108. உங்கள் கூட்டத்துக்கு நான்கு சுற்று போதும், 72 வரும். ஐந்தாவது சுற்றில் கை வலிக்கும், எழுதியதையே எழுதுவார்கள். எழுதப் பழக்கமில்லாத ஒருவருக்கு உங்கள் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டி, அவர் தாழ்ந்த குரலில் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதட்டும். "அடுப்புல ஏத்தறதுக்குள்ள சொல்லிடணும்" என்று அவர் சொன்னால் அதையே எழுத வேண்டும். "ரியல் டைம் நோட்டிஃபிகேஷன்" என்று மாற்றினால் நேர எல்லை தொலைந்துவிடும். அவர் சொன்னதில் இருந்த நிஜமான தேவையே அந்த எல்லைதான்.

எல்லோருக்கும் ஒரே நிறப் பேனா, ஒரே அளவுத் தாள் கொடுங்கள். யார் எழுதியது என்று தெரியக்கூடாது.

ஆனால் முறையைவிடக் கேள்வி முக்கியம். "சாஃப்ட்வேர்ல என்ன வேணும்?" என்று கேட்டதால்தான் உங்களுக்கு ஏ.ஐ. என்று பதில் வந்தது. அவர்களுக்கு மென்பொருள் தெரியாது, கல்யாணம் தெரியும். கல்யாணத்தைப் பற்றிக் கேளுங்கள்: "முகூர்த்த நாள் விடியற்காலை நாலு மணியிலிருந்து கடைசிப் பந்தி வரைக்கும், எந்த விஷயம் பத்து நிமிஷம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா நீங்க செஞ்ச வேலை மாறியிருக்கும்?" இதில் நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, விளைவும் இருக்கிறது. இதை ஒரு சார்ட்டில் பெரிதாக எழுதி எதிரே ஒட்டிவிடுங்கள்.

காபிக்குப் பிறகு தலைகீழாகக் கேட்கும் உத்தி. எனக்குக் கிடைத்த ஒரே ஒரு உத்தியைத்தான் நடத்தலாம் என்றால் இதைத்தான் நடத்துவேன். "நாலாவது பந்திக்குச் சாம்பார் இல்லாம போகணும். அதுக்கு நாம என்னென்ன செய்யணும்?" என்று கேளுங்கள். முதல் நிமிடம் விழிப்பார்கள், பிறகு சிரிப்பு வரும், அதற்குப் பிறகு கொட்டும். இரண்டாவது பந்தியில் விழுந்த இலையைச் சமையல்கட்டுக்குச் சொல்லாமல் விடணும். பெண் வீட்டார் நூறு பேர் கூடுதலாகச் சொன்ன செய்தி முதலாளியின் வாட்ஸ்அப்பிலேயே தூங்கணும். ஒரே பேர் வைத்த இரண்டு மண்டபங்களில் ஒன்றுக்குப் போகவேண்டிய பருப்பு அண்டா இன்னொன்றுக்குப் போகணும். நேராகக் கேட்டால் இவையெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் வைக்கும் புகாராகிவிடும். தலைகீழாகக் கேட்டால் யாரையும் குறைசொன்ன மாதிரி இருக்காது. அதனால்தான் மௌனமாக இருப்பவர்களும் இதில் பேசுவார்கள், வாய்ப்பேச்சாகவே நடத்தலாம். இருபது நிமிடம் போதும். அடுத்த பதினைந்து நிமிடத்தில் ஒவ்வொன்றையும் திருப்புங்கள். வண்டிச் சீட்டில் மண்டபத்தின் பெயரோடு வரைபடப் புள்ளியும் அங்குள்ள பொறுப்பாளரின் எண்ணும் இல்லாமல் சீட்டு அச்சாகக் கூடாது என்பது ஒரு தேவை. ஒப்புக்கொண்ட எண்ணிக்கை மாறினால் மாஸ்டர், ஸ்டோர் இருவரும் பார்த்ததாகப் பதிவாக வேண்டும் என்பது இன்னொன்று. உங்கள் 40-இல் இவை இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, நீங்கள் எழுதிய 'வழக்கத்தால் வந்தவை' பட்டியலில் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றாக அழித்துப் பார்ப்பது. "எத்தனை பேர் வருவாங்கன்னு வீட்டுக்காரங்கதான் சொல்லணும்" என்பதை அழித்தால் யார் சொல்வது? பழைய கல்யாணங்களின் கணக்கு சொல்லலாம். அதற்குப் பந்தி வாரியாக, வேளை வாரியாக விழுந்த இலையைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். இப்போது நோட்டில் மொத்தம் மட்டும்தான் இருக்கும். ஆக, முன்கணிப்பு பிற்பாடு வந்தாலும், பந்தி வாரியான பதிவு முதல் வெளியீட்டிலேயே இருந்தாக வேண்டும். முதலாளி கேட்ட ஏ.ஐ.க்கு நேர்மையான பதிலும் இதுதான்.

நான்காவது, வேறொரு துறையோடு ஒப்பிட்டு யோசனை தேடும் ஒப்புமை உத்தி. இதைப் பலரும் கெடுப்பார்கள். சமையல் என்றதும் ஓட்டல் பில்லிங் மென்பொருளைப் பார்ப்பார்கள். அது தோற்றத்தில் ஒற்றுமை, இயக்கத்தில் இல்லை. ஓட்டலில் ஆட்கள் சொட்டுச் சொட்டாக வருவார்கள், கல்யாணத்தில் மடை திறந்தாற்போல வருவார்கள். இயக்கத்தில் ஒத்தது எது என்று தேடுங்கள். ஆவின் பால் விநியோகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கெட்டுப்போகும் பொருள், விடியற்காலைக் கெடு, பல இடங்களுக்கு ஒரே நேரத்தில் வண்டி, காலி கிரேட் திரும்பி வந்தாக வேண்டும். ஒரு தாளில் இந்த நான்கையும் இடது பக்கம் எழுதி, வலது பக்கம் கல்யாணத்தில் இதற்கு இணை எது என்று நிரப்பச் சொல்லுங்கள். காலி கிரேட்டுக்கு எதிரே 'பாத்திரம்' என்று வந்ததும் ஸ்டோர்காரர் நிமிர்ந்து உட்காருவார். போன அண்டா, திரும்பாத கரண்டி, எந்த மண்டபத்தில் விட்டது, அடுத்த முகூர்த்தத்துக்குள் யார் எடுத்து வருவது என்று ஒரு முழுப் பகுதியே வெளியே வரும். லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தின் நீல் மெய்டன் குழுவினர் 2000-களின் தொடக்கத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்குத் தேவை சேகரித்தபோது, துணி வடிவமைப்பு போன்ற, தொடர்பே இல்லாத துறையினரை அழைத்து வந்து ஒப்புமை தேட வைத்தார்கள். உயிர் சம்பந்தப்பட்ட துறையிலேயே இதை விளையாட்டு என்று ஒதுக்கவில்லை என்பதை உங்கள் மேனேஜரிடம் சொல்லுங்கள்.

ஒவ்வொரு நிறத் தொப்பிக்கும் ஒரு வகை யோசனை என்று பிரிக்கும் எட்வர்ட் டி போனோவின் ஆறு தொப்பி முறையை இந்தக் கூட்டத்துக்கு எடுக்காதீர்கள். எந்த நிறம் எதற்கு என்று விளக்குவதிலேயே நேரம் போய்விடும். இருப்பதை எப்படியெல்லாம் மாற்றலாம் என்று கேட்கும் ஸ்கேம்பர் (SCAMPER) கேள்விப் பட்டியலும் இப்போது வேண்டாம். முதல் வெளியீடு வந்து, கையில் ஒரு திரை இருக்கும்போது, இதில் எதை நீக்கலாம், எதை இணைக்கலாம் என்று கேட்க அது உதவும்.

கடைசி அரை மணி நேரம் வடிகட்டுவதற்கு. ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிடாவின் முறையில், ஒரு யோசனைக்கு ஒரு ஒட்டுத்தாள் என்று எல்லாவற்றையும் சுவரில் ஒட்டி, யாரும் பேசாமல், ஒத்தவற்றைப் பக்கத்தில் நகர்த்த வேண்டும். பேசினால் மறுபடி முதலாளியின் குழுவாக்கம்தான் நிற்கும். குழு அமைந்த பிறகே தலைப்பு. பின் ஆளுக்கு மூன்று பொட்டு, முக்கியம் என்று நினைப்பவற்றின் மேல் ஓட்டாக ஒட்ட. முதலாளி கடைசியாக ஒட்டவேண்டும். இதை முந்தின நாளே அவரிடம் தனியாகச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். "நீங்க கடைசியா வெச்சா, உங்க ஆளுங்க மனசுல என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியும் சார்" என்றால் மறுக்கமாட்டார்.

அதிகப் பொட்டு விழுந்தவற்றுக்கு கானோவின் இரட்டைக் கேள்வி: இது இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? இல்லாவிட்டால் எப்படி இருக்கும்? இருந்தால் பிரமாதம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றால் அது மூன்றாவது வகை. இருந்தால் சரி, இல்லாவிட்டால் வேலையே நடக்காது என்றால், நீங்கள் பேட்டியில் தவறவிட்ட முதல் வகை. அதை உடனே 40-இல் சேருங்கள்.

பெரும்பாலான வொர்க்‌ஷாப்புகள் தோற்பது இதற்குப் பிறகுதான். சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். யோசனை இன்னும் தேவை ஆகவில்லை. டெஸ்டிங்கில் இருந்தவர் என்பதால் இந்த இடத்தில் உங்களுக்குப் பலம் அதிகம். "இலை எண்ணிக்கை மாஸ்டருக்கு உடனே தெரியணும்" என்பதை எடுத்துக்கொள்வோம். யார் பதிவு செய்வது? சூப்பர்வைசரின் கை பரிமாறுவதில் இருக்கும், எண்ணைத் தட்டச்சு செய்யமாட்டார். நீள மேசைக்கு இத்தனை இலை என்று முன்பே தெரியுமாதலால், நிரம்பிய வரிசையைத் தொட்டுவிட்டு, காலி இலையை மட்டும் கழித்தால் போதும். மாஸ்டர் எதில் பார்ப்பது? கையில் எண்ணெயும் ஈரமும். தொடுதிரை வேலைக்கு ஆகாது. அடுப்பு இரைச்சலில் போன் மணி கேட்காது. பல மண்டபங்களில் சமையல்கட்டு தரைத்தளத்துக்குக் கீழே, சிக்னல் இருக்காது. இவ்வளவும் கேட்ட பிறகு இப்படி எழுதலாம்: "ஒரு பந்தியின் கடைசி வரிசை நிரம்பிய 3 நிமிடத்துக்குள், அந்தப் பந்தியின் இலை எண்ணிக்கையும் அதுவரை விழுந்த மொத்தமும் சமையல்கட்டுத் திரையில் தெரியவேண்டும். 4 மீட்டர் தூரத்திலிருந்து படிக்க முடியவேண்டும். இணையம் இல்லாதபோதும் மண்டபத்துக்குள் இது நடக்கவேண்டும். அடுத்தடுத்த 10 பந்திகளில் குறைந்தது 9-இல் இந்த நேரத்துக்குள் வந்தால் ஏற்கப்படும்." எண்கள் உங்கள் ஊகமாக இருக்கட்டும், மாஸ்டர் திருத்துவார். எண் இல்லாமல் விட்டால் திருத்த எதுவும் இருக்காது.

சில தேவைகளை எந்தப் படைப்பு உத்தியும் கொண்டுவராது. பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கவேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள கட்டாயம். ஜிஎஸ்டி அதுபோல. இவற்றை விதிகளைப் படித்தும், அவர்களுடைய ஆடிட்டரிடம் கேட்டும்தான் எழுதவேண்டும். கூட்டத்தில் நேரம் செலவிடாதீர்கள்.

உங்கள் ஒப்பந்தம் நிலையான தொகைக்கா என்று கடிதத்தில் இல்லை. அப்படியென்றால், கூட்டம் தொடங்கும்போதே, முதலாளி காதில் விழும்படி, "இன்னிக்கு எழுதறது எல்லாம் யோசனை, எதை எப்போ செய்யறோம்னு தனியா எழுத்துல கொடுப்போம்" என்று சொல்லிவிடுங்கள். 72 யோசனைகளையும் பார்த்தவருக்கு 72-ம் வரும் என்ற எண்ணம் விழுந்துவிட்டால், பிறகு நீங்கள் கொடுக்கும் எதுவும் குறைவாகத்தான் தெரியும். பழைய 40-ஐ அப்படியே அடிப்படையாக வைத்து, புதியவற்றைத் தனி வரிசை எண்ணில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தத் தாளிலிருந்து வந்தது என்ற குறிப்பு இருக்கட்டும், ஆறு மாதம் கழித்து "இதை யாரு கேட்டது?" என்று கேள்வி வரும்போது அந்தத் தாள் கையில் இருக்கவேண்டும்.

இரண்டு நாளுக்குள் எழுதி முடித்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் ஒட்டுத்தாளில் இருக்கும் நான்கு சொல்லுக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்பது உங்களுக்கே மறந்துவிடும். எழுதியதை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். நேரில் போய், சமையல்கட்டிலேயே, மாஸ்டருக்கு ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். "மூணு நிமிஷம் ஆகாதும்மா, அதுக்குள்ள ரசம் கேட்டுடுவாங்க" என்று அவர் சொன்னால், அங்கேயே மூன்றை அடித்துவிட்டு, அவர் சொல்லும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.